ஓரகத்தியின் மேல் ஏறிய வாசம்

ஆடிக் காற்று கருமலைப்புதூரின் பந்தல் கம்பிகளை விம்மவைத்துக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், பீர்க்கம்பூ வாய் திறக்கும் நேரத்தில், காயப்போட்ட துணியை எடுக்கப் போன மோகனாவின் மேல் அந்தப் பந்தலின் வாசம் மொத்தமும் ஏறிக்கொண்டது. அதைக் கண்ணால் பார்த்தவள் அவளுடைய ஓரகத்தி வசந்தாமணி ஒருத்திதான், பார்த்த மறுநொடி அவள் மனசில் எழுந்த கேள்வி இது எப்படி நடந்தது என்பதல்ல, இது ஏன் என் மேல் ஏறவில்லை என்பதுதான்.

மோகனா துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பந்தலுக்குள் நடந்து வந்தாள். அவள் தலையைச் சுற்றியும் தோளைச் சுற்றியும் சாம்பல் நிற அந்துப்பூச்சிகள் நூறு இருநூறு என்று கூடவே வந்தன, அவள் நின்றால் நின்றன, நகர்ந்தால் நகர்ந்தன, அவள் முந்தானை உரசிய கொடியிலெல்லாம் இறங்கி ஆண் பூவில் மூக்கை நுழைத்துப் பெண் பூவில் போய்த் துடைத்துவிட்டு மறுபடி அவள் தோளுக்கே திரும்பின. "அக்கா, என்னங்க்கா இது, பூச்சி இப்படி மொய்க்குது" என்று அவள் ஒரு கையால் விசிறிக்கொண்டாள். ஒன்பதாம் நாள் அவள் நடந்த வரிசை முழுக்க ஒரு பூ விடாமல் பிஞ்சு பிடித்திருந்தது.

நாலு வருஷமாக அந்த ஊருக்குப் பூச்சி வருவதில்லை. நாலுவழிச் சாலையில் லாரிகள் ராப்பகலாக ஓட ஆரம்பித்து, சாலையோரத்தில் பழைய டயரைச் சுட்டு எண்ணெய் எடுக்கும் ஆலை ஒன்றும் புகைய ஆரம்பித்த பிறகு, பீர்க்கும் புடலையும் எப்போதும்போலப் பூத்தன, எப்போதும்போல மணந்தன, ஆனால் காய்க்காமலே உதிர்ந்தன. தோட்டக்கலை அதிகாரி ஒருவர் வந்து பந்தலில் ஒரு பெட்டியைத் தொங்கவிட்டு, மூன்று நாள் கழித்து எடுத்துப் பார்த்துவிட்டு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து விவரம் சொன்னார்.

"பூ வாசத்தாலதான் பூச்சியைக் கூப்பிடுது. இந்தப் புகையும் வெயிலும் சேர்ந்தா காத்துல ஓசோன்னு ஒண்ணு உண்டாகும், அது வாசத்தை வழியிலேயே உடைச்சுப் போட்டுரும். முன்னெல்லாம் அந்தக் கோடி வரைக்கும் போன வாசம் இப்ப நாலு எட்டு போறதில்ல. பூவும் இருக்கு, பூச்சியும் இருக்கு, நடுவுல சேதிதான் போய்ச் சேரலை. அது மட்டுமில்ல, புழு கடிச்ச இலை பக்கத்துச் செடிக்கு வாசத்திலேயே ஓர் எச்சரிக்கை விடும், அது தெரிஞ்ச செடி தன் இலையைக் கசப்பாக்கிக்கும். அதுவும் இப்ப போறதில்ல."

"அப்ப என்னங்க பண்றது?" என்று யாரோ கேட்டதற்கு, அறிக்கை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் ஜீப் ஏறினார்.

அறிக்கை எழுதப்பட்டதோ இல்லையோ, ஊரைக் காப்பாற்றியது வசந்தாமணியின் கை. ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரித்து, பெண் பூவின் நடுவில் அவள் ஒரு தொடு தொட்டால் அது பிஞ்சு பிடிக்காமல் போனதில்லை. மற்றவர்கள் தொட்டால் பத்துக்கு நாலு, அவள் தொட்டால் பத்துக்குப் பத்து. சாயங்காலமானால் அவள் வீட்டு வாசலில் ஸ்கூட்டர்கள் வந்து நிற்கும், "வசந்தக்கா, எங்க பந்தலுக்கு ஒரு நடை" என்று பெரிய தோட்டத்துக்காரர்களே செருப்பைக் கழற்றிவிட்டுக் கூப்பிடுவார்கள், முதல் பறிப்பில் முதல் காய் அவள் வீட்டுக்கு வரும், மாரியம்மன் நோம்பிக்கு முளைப்பாரியில் முதல் சட்டி அவள் தலையில் ஏறும். ஊர் நொடித்துப்போன அந்த நாலு வருஷமும் வசந்தாமணிக்கு நல்ல வருஷங்கள். அதை அவள் வெளியே சொன்னதில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டதும் இல்லை.

மோகனாவோ திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தவள், கொழுந்தன் தண்டபாணியைக் கட்டிக்கொண்டு வந்து மூன்று வருஷமாகியும் களையையும் நாற்றையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவள், ஒருமுறை களையெடுக்கிறேன் என்று ஒரு பாத்தி மிளகாய் நாற்றைப் பிடுங்கி அழகாகக் கட்டி வைத்தவள். இதையெல்லாம்விடப் பெரிய விஷயம், கொரோனா வந்துபோனதிலிருந்து அவளுக்கு மூக்கில் எந்த வாசமும் ஏறாது. பால் தீய்ந்தால் தெரியாது, மல்லிகை வைத்தால் தெரியாது. அப்படிப்பட்டவள் மேல்தான் வாசம் ஏறியது.

ஊர் அதை இரண்டே வாரத்தில் பழகிக்கொண்டது. முதல் வாரம் பார்க்க வந்தார்கள், இரண்டாம் வாரம் முறை போட்டார்கள். டீக்கடைச் சுவரில் சாக்கட்டியால் எழுதிய அட்டவணைப்படி திங்கள் மேற்குத் தோட்டம், செவ்வாய் கிணற்றுக்காடு, புதன் ஓடைப்பக்கம் என்று அவள் நடந்தாள், பூச்சிகள் அவளோடு நடந்தன. ஊர் ஒதுக்கி வைத்திருந்த தெற்கு வளவுக்காரர்களின் குத்தகைக் காட்டுக்கு அவள் போகலாமா என்று இரண்டு பெரியவர்கள் இழுத்தபோது, மோகனா செருப்பை மாட்டிக்கொண்டு முதலில் அங்கேதான் போனாள். அவள் வருகிற வழியில் யாரும் குப்பை கொளுத்தக் கூடாது, கொசுவத்தி கூடாது, அவள் பவுடர் பூசக் கூடாது என்று மூன்று விதிகள் வந்தன. டவுன்பஸ் கண்டக்டர் அவளுக்கு ஜன்னல் சீட் ஒதுக்கி, கண்ணாடியை அவரே ஏற்றிவிட்டார். தோட்டக்கலை அதிகாரி மறுபடி வந்து, அவளைச் சுற்றி ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, தன் படிவத்தில் இதை எழுத எந்தக் கட்டமும் இல்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு, இரண்டு கிலோ பீர்க்கங்காயோடு திரும்பினார். டயர் ஆலை புகைந்துகொண்டே இருந்தது. அதைப் பற்றிப் பேசுவதைத்தான் எல்லோரும் மறந்துபோனார்கள்.

வசந்தாமணி வீட்டு வாசலில் ஸ்கூட்டர்கள் இப்போதும் நின்றன. ஆனால் வந்தவர்கள் அவளைத் தாண்டி எட்டிப் பார்த்தார்கள். "மோகனா இருக்குதுங்களா அக்கா?" ஒவ்வொரு முறையும் அவளுக்குள் ஏதோ சுரீர் என்றது, பச்சை மிளகாயைக் கிள்ளிய விரலைக் கண்ணில் வைத்ததுபோல. மோகனா இல்லாத ஒரு மத்தியானம் அவள் தன் முழங்கையை மோந்து பார்த்தாள். இன்னொரு நாள் பீர்க்கம்பூ நாற்பதைக் கசக்கிக் கழுத்திலும் கையிலும் பூசிக்கொண்டு, பூப்பூக்கும் நேரமாகப் பார்த்துப் பந்தலுக்குள் போய் நடுவில் நின்றாள். வெகுநேரம் நின்றாள். வந்தவை கட்டெறும்புகள்தான்.

மூன்றாம் வாரம் இன்னொன்றும் நடந்தது. ஒரு காலையில் மோகனா தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்தபோது அவள் மேல் பூவாசம் இல்லை. பச்சையாக, காரமாக, தொண்டையைப் பிடிக்கிற ஒரு வாசம் அடித்தது. வீட்டில் மற்றவர்களுக்கு அது ஏதோ தழை வாசம். வசந்தாமணிக்கு மட்டும் தெரிந்தது, அது புழு கடித்த பாகல் இலை, கூடவே நனைந்த செம்மண். செம்மண்ணில் பாகல் போட்டிருப்பது ஊரில் ஒரே இடத்தில்தான். "கிணத்துக்காட்டுக் கோடிப் பாத்தியில புழு விழுந்திருக்குது, அங்க போயி வரிசை வரிசையா நட" என்று அவள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். மோகனா போய் நடந்தாள், அவள் கடந்துபோன செடிகளெல்லாம் இலையைக் கசப்பாக்கிக்கொண்டன, அந்தக் கோடிப் பாத்தியைத் தாண்டிப் புழு ஓர் அடி நகரவில்லை. அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் மோகனா அடுப்படிக்கு வந்து தோளை நீட்டி நிற்பாள். "அக்கா, மோந்து பாருங்க. இன்னிக்கு நான் எந்தத் தோட்டம்?" வசந்தாமணி மோந்து பார்த்துச் சொல்வாள். ஊர் மோகனாவைக் கும்பிட்டது. மூக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை, மோகனா மட்டும் போகிற இடத்திலெல்லாம், "அக்கா சொல்லித்தானுங்க வந்தேன்" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள், அதை அடக்கம் என்று நினைத்து ஊர் இன்னும் அதிகமாகக் கும்பிட்டது.

காளீஸ்வரி ஒருத்திதான் மாறாமல் இருந்தாள். வசந்தாமணிக்கு அவள் பள்ளிக்கூட நாளிலிருந்து சிநேகிதி, புருஷன் போன பிறகு முக்கால் ஏக்கர் பந்தலைத் தனியாகக் கட்டி நிறுத்துகிறவள், "எனக்கு உன்ற கை போதும்டி" என்று ஒவ்வொரு புதனும் வசந்தாமணியைத்தான் கூப்பிட்டாள். மற்ற ஆறு நாளும் வசந்தாமணி அந்தப் புதனுக்காகக் காத்திருந்தாள்.

புரட்டாசியில் கோயில் கமிட்டி கூடி, இந்த வருஷம் முளைப்பாரியில் முதல் சட்டியை மோகனா எடுக்கட்டும் என்று பேசி முடித்தது. வசந்தாமணியின் புருஷன் செல்லமுத்துவே அதற்குத் தலையாட்டிவிட்டு வந்தான். "நம்ம வீட்டுக்குத்தானே வருது, அப்புறமென்ன?" என்றான்.

மறுநாள் காலை மோகனா வந்து தோளை நீட்டினாள். கடிபட்ட பீர்க்க இலை வாசம், அதோடு ஆமணக்கு, ஆட்டுப்புழுக்கை. ஆமணக்கு வேலியும் ஆட்டுப்பட்டியும் பக்கத்தில் உள்ள பீர்க்கம்பந்தல் காளீஸ்வரியுடையது. வசந்தாமணி தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணுமில்ல. தலைக்கு ஊத்தின சீயக்கா வாசம்தான். இன்னிக்கு வீட்லயே இரு" என்றாள்.

ஒரே ஒரு நாள் என்றுதான் நினைத்தாள். ஒரு நாள் இவள் தவறட்டும், இவளும் மனுஷிதான் என்று ஊருக்குத் தெரியட்டும், அதற்குள் நானே போய்க் காளீஸ்வரியிடம் சொல்லி வேப்பெண்ணெய் அடிக்க வைத்துவிடுவேன், காப்பாற்றியது என் மூக்கு என்று இருக்கட்டும். அப்படி நினைத்துக்கொண்டுதான் சாயங்காலம் அவள் காளீஸ்வரியின் பந்தலுக்குப் போனாள். காளீஸ்வரி காய்க்கூடையைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல், கொடியைத் திருத்துகிறமாதிரி பேசினாள்.

"வசந்தா, நீ தப்பா நினைக்கக் கூடாது. உன்ற கையும் ராசியான கைதான். ஆனா ஊரே அவளைக் கூப்பிடுது. இந்தப் புதனுக்கு என்ற பந்தலுக்கும் அவளை ஒரு தரம் வரச் சொல்றியா?"

வசந்தாமணி வாயில் வைத்திருந்த சொல்லை விழுங்கினாள். "சொல்றேன்" என்று சொல்லிவிட்டு வந்தாள். வருகிற வழியில் இலைகளின் அடியில் பச்சைப்புழுக்கள் வரிசையாக ஒட்டியிருந்தது அவள் கண்ணில் படத்தான் செய்தது.

இரண்டாம் நாள் அந்த வாசம் இன்னும் பலமாக அடித்தது. மூன்றாம் நாள் மோகனாவின் தலையணையே அப்படி மணந்தது. நாலாம் நாள் அவள் பேசினாலே வாயிலிருந்து பீர்க்க இலையின் காரம் வந்தது, வீடு முழுக்க நின்றது. ஒவ்வொரு காலையும் மோகனா தோளை நீட்டினாள், ஒவ்வொரு காலையும் வசந்தாமணி சீயக்காய் என்றாள், சமையல் புகை என்றாள், ஒன்றுமில்லை என்றாள். காளீஸ்வரி மோகனாவைக் கேட்டதையும் அவள் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் காளீஸ்வரியின் பந்தலில் கம்பியும் தண்டும்தான் இருந்தன. முக்கால் ஏக்கருக்கு வானம் தெரிந்தது.

ஊர் மோகனாவைத்தான் பழித்தது. அவளுக்குத் தெம்பு போய்விட்டது என்றார்கள், பவுடர் பூசியிருப்பாள் என்றார்கள், தெற்கு வளவுக்குப் போனபோதே நினைத்தோம் என்றார்கள். டீக்கடைச் சுவரை ஈரத்துணியால் துடைத்தார்கள். அன்றைக்கே இரண்டு ஸ்கூட்டர்கள் வந்து நின்றன: "வசந்தக்கா, எங்க பந்தலுக்கு ஒரு நடை." இரண்டு மாதமாக அவள் ஏங்கிய அதே வார்த்தை. அவள் முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பத்தான் செய்தாள். ஆனால் அடுப்படியில் மோகனா தன் கையைத் தானே மூக்கில் அழுத்தி அழுத்தி மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் தெரியாமல் மறு கையை மோந்தாள், பிறகு எழுந்து, "நான் போயி அந்தக்கா கால்ல விழுந்துட்டு வரேனுங்க்கா" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். ஸ்கூட்டர்களை விட்டுவிட்டு வசந்தாமணி பின்னாலேயே ஓடினாள்.

காளீஸ்வரி மொட்டைப் பந்தலின் கீழ் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். மோகனா அவள் காலைத் தொட்டு, "எனக்கு ஒண்ணுமே தெரியலைங்கக்கா, நான் என்ன தப்புப் பண்ணினேன்னே தெரியலை" என்று அழுதாள். படலுக்கு வெளியே நின்ற வசந்தாமணிக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றிருந்தது. போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அவ மேல தப்பில்ல" என்றாள். அவள் குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "அஞ்சு நாளா அவ மேல உன்ற பந்தல் வாசம்தான் அடிச்சுது. எனக்குத் தெரியும். நான் சொல்லலை."

காளீஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்டி?"

"நீயும் அவளைக் கேட்டே."

காளீஸ்வரி எழுந்து வந்தாள். அடிப்பாள் என்று வசந்தாமணி எதிர்பார்த்தாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். காளீஸ்வரி மோகனாவைக் கைகொடுத்துத் தூக்கி வெளியே விட்டுவிட்டு, படலை இழுத்துச் சாத்திக் கயிற்றைக் கட்டினாள்.

மோகனா வீட்டுக்கு வந்து, பெட்டியில் துணியை அடுக்கி, வாசலில் நின்று ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "மூக்கில்லாதவளை ஏமாத்தறதுக்கு மனசு வந்துச்சுங்களா அக்கா?" மத்தியான பஸ்ஸில் திருப்பூர் போய்விட்டாள். தண்டபாணி அண்ணியிடம் பேச்சை நிறுத்தினான். செல்லமுத்து சோற்றைத் தானே போட்டுச் சாப்பிட்டான். வசந்தாமணியை மறுபடி யாரும் பந்தலுக்குக் கூப்பிடவில்லை. அவள் கை பட்டால் பூ கருகும் என்று பேசிக்கொண்டார்கள். பூக்கள் அவள் தொடாமலே உதிர்ந்தன. புழு ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு யாரும் அறியாமல் போயிற்று.

ஐப்பசி பிறந்ததும், யாரும் போகச் சொல்லாமலே, அவள் திருப்பூருக்குப் பஸ் ஏறினாள். மோகனாவின் அம்மா வீட்டுத் தெருவில் ஒரு செடி இல்லை, சாக்கடையில் சாயத்தண்ணீர் ஊதாவாக ஓடியது, ஒரு ஷெட்டில் முப்பது மிஷின்களுக்கு நடுவில் மோகனா உட்கார்ந்து பனியன் கைகளைத் தைத்துக்கொண்டிருந்தாள். வசந்தாமணி பக்கத்தில் போய் நின்றாள். மிஷின் எண்ணெய், புதுத்துணி, வேர்வை. வேறு ஒன்றும் இல்லை.

மோகனா மிஷினை நிறுத்தாமலே பேசினாள். "இங்க யாரும் என்னைய மோந்து பாக்கறதில்லைங்க்கா. நிம்மதியா இருக்குது."

"நான் பண்ணினது தப்பு. ஊரு அழியுது. நீ வந்தாத்தான்..."

"நான் வந்து?" இப்போது மிஷின் நின்றது. "தினமும் நடந்து நடந்து எனக்கு மூச்சு வாங்குனது ஒருத்தருக்காச்சும் தெரியுமா? செடி பேச முடியாமத்தான என்ற மேல ஏறுச்சு. அது வாயை அடைச்சது எதுன்னு உங்களுக்கெல்லாம் தெரியும். அதைக் கேட்க ஒருத்தருக்கும் வாய் வரலை, என்னையத் தூது விட்டுட்டு அவங்கவங்க காய் பறிச்சாங்க. நீங்களும் அந்தப் புகையிலதான பேரு வாங்குனீங்க." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அந்தப் புகை நிக்கட்டும். அப்புறம் வரேன்."

அவள் சொன்ன அந்தப் பேரு வாங்கின கணக்கு, தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாத அதே விஷயம், ஒரு பனியன் ஷெட்டில் வேறொருத்தி வாயிலிருந்து வந்து நின்றது. வசந்தாமணி திரும்பி வரும் பஸ்ஸில் முழு வழியும் அதோடு உட்கார்ந்து வந்தாள்.

மறுநாள் காலை அவள் ஒரு சாக்கை விரித்து டயர் ஆலையின் கேட்டுக்கு எதிரில் தனியாக உட்கார்ந்தாள். காவலாளி விரட்டினான், லாரிகள் ஹாரன் அடித்தன, அவள் எழவில்லை. மூன்று நாள் அவளை ஊர் வேடிக்கை பார்த்தது. அவள் பாவம் கழுவுகிறாள் என்றது. நாலாம் நாள் தெற்கு வளவிலிருந்து ஏழு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள், அடுத்த நாள் கிணற்றுக்காட்டார் வந்தார்கள், அதற்கடுத்த நாள் காளீஸ்வரி வந்தாள், வசந்தாமணியிலிருந்து எவ்வளவு தள்ளி உட்கார முடியுமோ அவ்வளவு தள்ளி உட்கார்ந்தாள். ஐப்பசி மழை அவர்கள் மேல் பெய்தது, மழையோடு கரியும் பெய்தது, எல்லோர் முகத்திலும் கறுப்புக் கோடுகள் இறங்கின. இருபத்திரண்டாம் நாள் கலெக்டர் ஆபீசிலிருந்து வந்தவர்கள் கேட்டில் சீல் வைத்தார்கள். நிரந்தரமாக அல்ல, விசாரணை முடியும் வரைக்கும். நாலுவழிச் சாலையில் லாரிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றுக்குச் சீல் வைக்க யாராலும் முடியாது.

மாசியில் மோகனா வந்தாள். பெட்டியை வைத்துவிட்டு நேராகத் தோட்டத்துக்குத்தான் போனாள், தை மாதம் ஊன்றிய பீர்க்கு பந்தலை மூடி முதல் பூ விடும் சாயங்காலம் அது. வசந்தாமணி அங்கே வரப்பில் நின்றிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பூக்கள் திறந்தன. வெகுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு வேலிப்பக்கத்திலிருந்து ஓர் அந்துப்பூச்சி வந்தது, மோகனாவைத் தாண்டிப் போயிற்று, வசந்தாமணியைத் தாண்டிப் போயிற்று, ஒரு பூவில் இறங்கியது. பின்னாலேயே நாலு வந்தன, அப்புறம் பத்து வந்தன. அவை யாரையும் கேட்கவில்லை, யார் தோளிலும் உட்காரவில்லை, எந்தக் கையும் படாமல் பூவுக்குப் பூ போய் வந்தன. சாலைப்பக்கத்து வரிசைகளுக்கு ஒன்றும் போகவில்லை. ஆனால் பந்தலின் பாதிக்குமேல் அவை பரவின.

வசந்தாமணிக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அழுகைகூட வந்தது. அதற்கு நடுவில், அவள் வேண்டாம் வேண்டாம் என்று அழுத்தியும் கேட்காமல், உள்ளே அந்தச் சுரீர் மறுபடி எழுந்தது. விரல் நீளம்கூட இல்லாத அந்தச் சாம்பல் பூச்சிகளைப் பார்த்து, அவை எவ்வளவு லேசாக, எவ்வளவு உரிமையாக உள்ளே போகின்றன என்று பார்த்து.

"என்ன சொல்றதுன்னே தெரியலை புள்ள" என்றாள். "இந்தப் பூச்சிகளைப் பார்த்தாக்கூட எனக்குப் பொறாமையா இருக்குது."

மோகனா கைக்கெட்டிய பூவொன்றை இழுத்து மோந்து பார்த்தாள், எதுவும் தெரியாமல் மறுபடி பூச்சிகளைப் பார்த்தாள்.

"எனக்குந்தானுங்க்கா" என்றாள்.